சும்மா இருந்த நான்கு சனிக்கிழமைகள்

தம்பி,

பெற்ற பிள்ளையைத் தம்பி என்று கூப்பிட்டே இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. உன் ஞானஸ்நானப் பெயரை எழுதித்தான் முதலில் தொடங்கினேன். யாரோ முன்பின் தெரியாதவனுக்கு நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். இந்தச் சிங்கப்பூரில், பிடோக்கில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல எனக்குப் போன செவ்வாய்க்கிழமை ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதை நானே கெடுத்துக்கொண்டேன். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேற்படிப்புக்கு லண்டன் போகிறவன், அங்கே அடிக்கிற குளிருக்கு ஸ்வெட்டர் தேடி என் அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டாய். ஸ்வெட்டர் கிடைக்கவில்லை. என் முரசுக் குச்சிகளுக்குப் பின்னால் இருந்த பெரிய பழுப்பு உறை கிடைத்தது. அதிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை உருவி, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். "அம்மா, இது யாரோட நெஞ்சு? மூலையில என் பேர் போட்டிருக்கு லா" என்றாய். நான் "தள்ளு, மீன் கருகுது" என்றேன். மீன் கருகவில்லை. அடுப்பையே நான் இன்னும் பற்றவைக்கவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உறையை இருந்த இடத்திலேயே வைத்தாய். நீ டாக்டர். வலது பக்கத்தில் இருந்த அந்த வெள்ளை நிழல் உனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். சின்ன வயதில் ஒரு வருஷம் தினமும் மாத்திரை விழுங்கியது எதற்கு என்பதும் புரிந்திருக்கும். அது பாதிக் கதைதான். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

அன்று சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாய். உன் செல்லோவை, அந்த ஆளுயர வயலினை, ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடப் போகிறாயாம். "படிப்புன்னா படிப்பு மட்டும்தான் அம்மா. பப்ளிக் ஹெல்த்தும் மியூசிக்கும் ஒண்ணா ஓடாது. எதையாவது ஒண்ண ஒழுங்கா பண்ணணும்" என்றாய். என் வாழ்க்கை முழுக்க ஓடியதே அந்த இரண்டும்தான், அது உனக்குத் தெரியாதா என்று ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் நானும் இதே வார்த்தையைச் சொல்லிக் குச்சிகளை உறைக்குள் போட்டவள் என்ற வெட்கம். பதிலுக்கு உன் தட்டில் ரசம் ஊற்றினேன்.

நான் இசைக்குழுவுக்குப் போனதே வேலையால்தான். கல்யாணமாகி, நீயும் பிறந்து, காசநோய் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட எங்களை அனுப்பினார்கள். மண்டபக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே ஒத்திகை செய்கிற ஒரு பொழுதுபோக்கு இசைக்குழுவுக்கு ஆள் தேவையாம். மாதா கோயில் பாடல்குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்ததில் எனக்கு இசைத்தாள் படிக்கத் தெரியும். அந்த ஒரு தைரியத்தில் அடுத்த சனிக்கிழமை, வேலை முடிந்ததும் வெள்ளைச் சீருடையோடு போய் நின்றேன். குழுவை நடத்திய மிஸ்டர் பெரேரா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆர்மோனியத்துக்கு இங்கே இடமில்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ண வருமா?" என்று கேட்டார். "தினமும் மாத்திரை எண்ணுகிறேன்" என்றேன். "அப்படியானால் பின்னால் போங்கள்" என்றார். பின்னால் டிம்பனி நின்றது. செம்பு வயிறும் தோல் வாயுமாக இரண்டு பெரிய முரசுகள்.

உன் அத்தை அதைக் கேள்விப்பட்டு, "ஏசுவே, புள்ள பெத்த பொம்பள போய் அண்டாவைத் தட்டப் போறாளாம்" என்று கோயில் வாசலிலேயே சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து சொந்தபந்தத்தில் எனக்கு அண்டாக்காரி என்று பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா மட்டும், "வீட்ல தட்டாத வரைக்கும் எனக்குச் சரி" என்று அனுமதி கொடுத்தார். அனுமதியை நான் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

டிம்பனிக்காரருக்கு அடிக்கிற வேலை கொஞ்சம், காத்திருக்கிற வேலை நிறைய. மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். நம் தாளில், இத்தனை கட்டம் சும்மா இரு என்று ஒரு எண் மட்டும் போட்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு நான்கு தட்டு. மனதுக்குள் எண்ண வேண்டும். ஒன்று இரண்டு மூன்று நான்கு. இரண்டு இரண்டு மூன்று நான்கு. மூன்று இரண்டு மூன்று நான்கு. முதல் எண் எத்தனையாவது கட்டம் என்று சொல்லும். அறுபத்து நான்கு கட்டம் இப்படி எண்ணிவிட்டு, அறுபத்தைந்தாவதில் சரியாக இறங்க வேண்டும். ஒரு தட்டு முந்தினாலும் பிந்தினாலும் மண்டபம் முழுக்கத் தெரியும். இப்படி எண்ணி எண்ணி என் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. பின்வரிசையில் சும்மா நிற்கும்போது, யார் மூச்சு வாங்குகிறார்கள், யார் நாற்காலி கிறீச்சிடுகிறது என்பதெல்லாம் எண்ணோடு சேர்ந்து காதில் பதியும்.

எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்தவர் கோ அங்கிள். உனக்கு அவரை நன்றாக ஞாபகம் இருக்கும். கப்பல் பட்டறை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர், தனிக்கட்டை. ஓபோ என்கிற அந்த மெல்லிய கறுப்புக் குழலை ஊதத் தெரிந்தவர் எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான். ஒத்திகை தொடங்கும்போது அவர் ஒரு சுரத்தை நீட்டி ஊதுவார், மொத்தக் குழுவும் அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கும். உன் அப்பாவுக்குச் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ஷிப்ட் இருக்கும், அதனால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். என் கண்ணில் படுகிற மாதிரி கோ அங்கிளுக்குப் பக்கத்து நாற்காலியில் உன்னை உட்கார வைத்தேன். இடைவேளையில் அவர் உனக்கு உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கித் தருவார். உபயோகமில்லாத பழைய சீவாளியைக் கழுவி ஊதக் கொடுப்பார், நீ வாத்து மாதிரி சத்தம் போடுவாய். அந்த நாற்காலியை உனக்குக் காட்டியது என் கைதான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

உனக்குப் பத்து வயதானபோது எங்கள் குழு முதல்முறையாகப் பெரிய மண்டபத்தில் கச்சேரி செய்ய ஏற்பாடானது. ஒரு பழைய சிம்பொனி. இரண்டாம் பகுதி கோ அங்கிளின் தனி ஓபோவோடு தொடங்கும். கடைசிப் பகுதியில் எனக்கு வேலை. முன்பெல்லாம் நாலு தட்டு, எட்டுத் தட்டு என்று முடிந்துவிடும். இதில் இரண்டு முரசும் அதிர அதிர, பக்கம் பக்கமாக அடி. மூன்று வருஷம் சும்மா நின்று எண்ணியவளுக்கு அது கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள். சோறு வடிக்கும்போதும் என் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

அதே மாதத்தில் பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஹமீது பாயைப் பார்க்கப் போனேன். வீடு வீடாகப் போய், நோயாளியோடு இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் என் வேலையில் பாதி. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த மனுஷர், தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். சளிச் சோதனைக்கு வரச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டே, "மக கல்யாணம் வருது மிஸ்ஸி. அது முடியட்டும், மறுநாளே வந்துடுறேன். இப்ப வெளிய தெரிஞ்சா மாப்ள வீட்ல என்ன நினைப்பாங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு பிரியாணியோட சேர்த்து இதையும் பரிமாறப் போறீங்களா பாய்? உங்க மக கழுத்துல தாலியும் ஏறும், நெஞ்சுல சளியும் ஏறும், பரவால்லயா?" என்று கடையே கேட்கும்படி கத்தினேன். மனுஷர் கூனிக்குறுகிப் போனார். அன்று மத்தியானமே கிளினிக்குக்கு வந்தார். நான் ஏதோ போரில் ஜெயித்த மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகையில், சும்மா நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது, என் எண்ணுக்கு நடுவில் ஒரு இருமல் வந்தது. ஒன்பதாவது கட்டத்தில் ஒன்று. பதினேழில் ஒன்று. இருபத்திரண்டில் இரண்டு, அடக்கி அடக்கி. சிகரெட் இருமல் இப்படி இருக்காது. ஜலதோஷ இருமலும் இப்படி இருக்காது. பத்து வருஷமாகத் தினமும் கேட்ட இருமல் அது, தம்பி. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கோ அங்கிளின் சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது. அவர் எழுந்தபோது, இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புது ஓட்டை தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் நீ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தேகம் என்று சொல்லி நழுவலாம், வருஷக்கணக்காக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் இல்லை. தெரியும். அன்றையும் சேர்த்து, கச்சேரி நடக்கிற நாள்வரை நான்கு சனிக்கிழமைகள். நான் வாயைத் திறந்தால் அன்றைக்கே கோ அங்கிள் ஒதுங்க வேண்டும். அவர் ஒதுங்கினால் ஓபோ இல்லை, ஓபோ இல்லாவிட்டால் சிம்பொனி இல்லை, சிம்பொனி இல்லாவிட்டால் எனக்குப் பழையபடி எட்டுத் தட்டு. முதல் சனிக்கிழமை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது சனிக்கிழமை, புழுக்கம் அதிகம் என்று சொல்லி ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன், அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சனிக்கிழமை, உன்னை நாலு நாற்காலி தள்ளி உட்காரச் சொன்னேன். நீ "அங்கிள் கதை சொல்றாரும்மா" என்று சிணுங்கிக்கொண்டு திரும்பி அங்கேயே போனாய், நான் விட்டுவிட்டேன். நான்காவது சனிக்கிழமை கச்சேரி. ஹமீது பாயை நடுக்கடையில் நிறுத்தி ஏசிய அதே வாய்தான், நான்கு சனிக்கிழமையும் மூடிக்கொண்டிருந்தது.

கச்சேரி அமோகமாக நடந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கைதட்டல் இனித்தது. கோ அங்கிள் எப்படித்தான் அந்தத் தனிப் பகுதியை இருமாமல் முடித்தாரோ தெரியாது. கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த படியில் உட்கார்ந்து கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டார். நான் குச்சிகளோடு கீழே இறங்கியபோது அதில் சிவப்பு தெரிந்தது. திங்கள்கிழமை காலையில் சளிக் குப்பியோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வாரமே முடிவு வந்தது, நான் முதல் சனிக்கிழமை கேட்ட முடிவுதான். குழுவில் இருந்த எல்லாரையும் படம் எடுக்க வரச்சொல்லிப் பட்டியல் எழுதினேன். என் பெயரை எழுதினேன். கடைசியாக உன் பெயரை எழுதினேன். மற்ற எல்லாரும் தப்பித்தார்கள். உன் கையில் சோதனை ஊசி போட்ட இடம் வீங்கிச் சிவந்தது, உன் படத்தில் அந்த வெள்ளை நிழல் விழுந்திருந்தது.

எங்கள் தலைமைத் தாதியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷி. திட்டவில்லை. "பையன் பல மாசமா அவர் பக்கத்துல உக்காந்திருக்கான். இந்த நாலு வாரத்துலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வரலைன்னு எந்தப் படமும் சொல்லாது" என்றார். உண்மைதான். இப்போது நீயும் அதையே சொல்வாய். அது எனக்கு அன்றைக்கும் ஆறுதலாக இல்லை, இன்றைக்கும் இல்லை. முதல் சனிக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பேன். அவ்வளவுதான் என் கணக்கு.

உன் அப்பாவிடம் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான்காவது நாள், நான் முரசுக் குச்சிகளை உறையில் போட்டு மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலில் நின்று, "என்ன பண்ற?" என்றார். "போதும். இனிமே வேலை மட்டும்தான். ரெண்டையும் வச்சுக்கிட்டதுனாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சு" என்றேன். அவர் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "மேளம் அடிச்சதனால புள்ளைக்கு வரல. வாய மூடிக்கிட்டு இருந்ததனால வந்துச்சு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. அந்தக் காது இல்லேன்னா உனக்கு அவரு இருமுனதே கேட்டிருக்காது" என்றார். கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அந்த வருஷம் முழுக்க அவர் பேசியதில் அதுதான் நீளம். குச்சிகள் மேல்தட்டில்தான் இருந்தன. ஆனால் உறையின் வாயை நான் கட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்கே தெரியும், வேறு மாதிரி தெரியும். எங்கள் கிளினிக்கில் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம். தாதியின் கண்ணுக்கு முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். கோ அங்கிளும் நீயும் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு வருவீர்கள். யார் முதலில் விழுங்குவது என்று உங்களுக்குள் போட்டி. நீ அதை விளையாட்டு என்றே நினைத்தாய், அவர் உன்னை அப்படி நினைக்க வைத்தார். ஆரம்பத்தில் அவர் ஒழுங்காக வரவில்லை. இரண்டாவது நாளே மட்டம் போட்டார். வீட்டுக்குப் போனேன். இனி ஊதப் போவதில்லை, எப்படிப் போனால் என்ன என்று சுவரைப் பார்த்துப் பேசினார். அப்போதுதான் சொன்னேன், எனக்கு முதல் சனிக்கிழமையே தெரியும் என்று. அவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு அதற்கு முன்பே தெரியும். அந்தத் தனிப் பகுதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை" என்றார். பிறகு, "பையனுக்கு எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாளிலிருந்து ஒரு நாள் தவறவில்லை, மழை வெள்ளத்தில் முழங்கால் வரை நனைந்துகொண்டும் வந்தார்.

முதல் மாதங்களில் அவருக்கு ஊசியும் உண்டு. அந்த மருந்து சிலருக்குக் காதைக் கெடுக்கும். அவர் பயந்தது நோய்க்கு இல்லை, அதற்குத்தான். முரசுக்குச் சுருதி வைக்க என்னிடம் ஒரு இசைக்கவை இருந்தது. அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். வாரம் ஒருமுறை, கூட்டம் குறைந்த பிறகு, அவரை நடைக்கூடத்தின் ஒரு முனையில் கண்ணை மூடி நிற்கச் சொல்வேன். இசைக்கவையைத் தட்டிவிட்டு, தரையில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு பின்னால் நடப்பேன். சத்தம் மறைந்ததும் அவர் கையைத் தூக்குவார். பதினெட்டு ஓடு, பதினெட்டு ஓடு என்று வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் பதினாறில் கையைத் தூக்கினார். எத்தனை என்று கேட்டார். "அதேதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, "பதினாறு" என்றேன். நேரே டாக்டரிடம் அழைத்துப்போனேன். இசைக்கவை, தரை ஓடு என்றதும் டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு முறையாகச் சோதிக்கச் சொல்லி, ஊசியை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றினார். அதன் பிறகு பதினாறு குறையவே இல்லை.

ஒருநாள் ஹமீது பாய் தன் மாத்திரைக்காக வந்து நின்றபோது, நீ வாயைத் திறந்து என்னிடம் காட்டிக்கொண்டிருந்தாய். "மிஸ்ஸி, உங்க புள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். எப்படி என்று கேட்டார். எதையாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன், "உங்க கதைதான் பாய். உங்களுக்குக் கல்யாணம், எனக்குக் கச்சேரி." மனுஷருக்கு என்னைத் திட்ட எல்லா உரிமையும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து உன் கையில் வைத்தார். "மாத்திர கசக்கும்லா தம்பி, இத வாயில போட்டுக்க" என்றார். அவர் சிகிச்சை முடியும்வரை தினமும் உனக்கு ஒரு பேரீச்சம்பழம் வந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் கடைசிப் படம் வந்த நாள் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. வெளிச்சப் பெட்டியில் மாட்டி டாக்டர் தள்ளி நின்றார், நானே பார்க்கட்டும் என்று. வலது பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் கிளினிக்கிலிருந்து சிராங்கூன் ரோடு முழுக்க அந்த உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பூக்கடைக்காரம்மா "என்ன மிஸ்ஸி, சிரிச்சுக்கிட்டே போறீங்க?" என்று கேட்டதற்கு, இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மேல்தட்டிலிருந்து குச்சிகளை இறக்கினேன். உன் அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீட்ல தட்டாத" என்றார்.

அடுத்த கச்சேரிக்குக் கோ அங்கிளும் திரும்பி வந்தார். எடை கூடி, வாரின் பழைய ஓட்டைக்கே வந்திருந்தார். அவர் எழுந்து நின்று அந்த ஒற்றைச் சுரத்தை நீட்டினார், மொத்தக் குழுவும் அதில் வந்து சேர்ந்தது. பெரேரா தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீ உன் அப்பாவோடு மூன்றாவது வரிசையில் இருந்தாய். உங்களுக்குப் பக்கத்தில், மகள் மாப்பிள்ளையோடு ஹமீது பாய். மூன்றாம் பகுதியில் எனக்கு அறுபத்து நான்கு கட்டம் சும்மா. எண்ணத் தொடங்கினேன். பழக்க தோஷம், எண்ணோடு சேர்த்து முன்னால் இருந்த நாற்காலியையும் கேட்டேன். ஒன்பதாவது கட்டம், இருமல் இல்லை. பதினேழு, இல்லை. முப்பது, இல்லை. மூன்றாவது வரிசையிலிருந்தும் இல்லை. எங்கேயும் இல்லை. சந்தோஷத்தில் என் கண் நிறைந்துவிட்டது, எண் கைவிட்டுப் போய்விட்டது. நாற்பத்து ஒன்றா, ஐம்பத்து ஒன்றா, தெரியவில்லை. பத்து வருஷம் மாத்திரை எண்ணியவள், மேடை நடுவில் கணக்குத் தெரியாமல் இரண்டு குச்சியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கோ அங்கிளுக்கும் அந்த இடத்தில் வேலை இல்லை. குழலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரும் நானும் ஒரே கட்டத்தில்தான் நுழைய வேண்டும். நான் வழக்கமாகக் கடைசிக் கட்டங்களில் குச்சியை முரசுத் தோலில் மெல்ல உரசிப் பார்ப்பேன், அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். அன்று அது வரவில்லை. திரும்பிப் பார்க்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. குழலை எடுத்துக்கொண்டே வலது தோளை நன்றாக உயர்த்தினார், எனக்காகவே. ஒரு கட்டம். தோளை மறுபடி உயர்த்தினார். இரண்டு கட்டம். மூச்சிழுத்து, தலையை ஓங்கி அசைத்தார். நான் இறங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி அடித்ததில்லை, தம்பி. மண்டபத்தின் தரை அதிர்ந்ததாக உன் அப்பா சொன்னார், கிரேன் ஓட்டுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் ஹமீது பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, மத்ததெல்லாம் எனக்கு விளங்கல. அண்டா பிரமாதம்" என்றார்.

இவ்வளவுதான் மீதிப் பாதி. உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பிறகு நீ செல்லோ எடுத்தபோது, பிறகு மருத்துவம் சேர்ந்தபோது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த நான்கு சனிக்கிழமைகளுக்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்றுதான் அர்த்தம். என்னை மன்னித்துவிடு. கோபம் வந்தால் கோபப்படு, மூன்று நாள் பேசாமல் இரு, உன் அப்பா மாதிரி சோற்றை நீயே போட்டுக்கொள். நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இரண்டும் ஒன்றாக ஓடாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. பின்வரிசையில் நின்று கற்ற காதுதான் கோ அங்கிளின் இருமலைப் பிடித்தது. கிளினிக்கில் கற்ற எண்ணிக்கைதான் என்னை முரசுக்குப் பின்னால் நிறுத்தியது. தவறியது என் வாய் மட்டும். நீ போகிற வேலையில் உனக்கும் அப்படி ஒரு சனிக்கிழமை வரும். யாருக்கோ சிரமம், உனக்கு நஷ்டம், ஒரு வாரம் தள்ளினால் என்ன என்று தோன்றும். அன்றைக்கு வாயைத் திற. செல்லோவைக் கீழே வைப்பதால் அந்தத் தைரியம் வந்துவிடாது.

எக்ஸ்ரே உறையை உன் பெட்டியில், ஸ்வெட்டருக்கு அடியில் வைத்துவிட்டேன். ஸ்வெட்டர் என் கட்டிலுக்கடியில் இருந்தது. உறையில் இரண்டு படம் இருக்கிறது, நீ அன்று பார்த்தது முதல் படம் மட்டும்தான். இரண்டையும் ஜன்னலில் சேர்த்துப் பிடித்துப் பார். செல்லோவை விமானத்தில் எப்படி ஏற்றுவது என்று விசாரித்தாயிற்று, அதைச் சாக்காகச் சொல்லாதே.

வருகிற ஞாயிறு சாயங்காலம் கச்சேரி. அடுத்த வருஷம் வேலையிலிருந்தும் ஓய்வு, தோள்பட்டையும் முன்பு மாதிரி இல்லை. ஒத்திகையில் என் பக்கத்தில் நின்று எண்ணப் பழகுகிற சீனப் பெண்ணிடம் குச்சிகளைக் கொடுத்துவிடப் போகிறேன், அதனால் இது எனக்குக் கடைசி. கோ அங்கிள் எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருப்பார், தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கு ஐம்பத்தெட்டு கட்டம் சும்மா. நீ என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் வந்து உட்கார். முன்னாலோ பின்னாலோ, எங்கே வேண்டுமானாலும் உட்கார். இருமினால் எனக்குக் கேட்கும்.

அம்மா